சைரன் படம் போட்ட தாள்

மே 4
தோட்டத்தில் ஒற்றையறைக் காம்பரா வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் வெடிப்பு இன்னும் அகன்றிருக்கிறது. போன மாதம் விரல் நுழைந்தது, இன்று கை நுழைகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 7
நான் வேலை செய்யும் ஹட்டன் தொண்டு நிறுவன ஆபீசில் மேலதிகாரி துஷாந்த் அண்ணன் புது வேலை கொடுத்தார். மண் சரியுமுன் லயத்து ஆட்களை எப்படி எச்சரிக்கலாம் என்று அவர்களையே கூட்டி யோசிக்க வைக்க வேண்டும். நல்ல யோசனை கிடைத்தால் எங்கள் லயத்திலேயே செய்து பார்க்கலாமாம். "சும்மா கேட்டா முழிப்பாங்க. ஒரு உதாரணத்தக் காட்டு" என்று ஒரு தாளை நீட்டினார். அதில் கம்பமும் சைரனும்.

மே 10
பாலர் பாடசாலையில் கூடினோம். தாளைக் காட்டி, தோன்றுவதை வரையச் சொன்னேன். ஆறு குழு, ஆறு சைரன்! ஒன்றில் மட்டும் உச்சியில் வேல். அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பெரிய மழையில் முதலில் போவது கரண்ட்தானே? ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? எனக்கும்தான். கண்ணை மூடினால் அந்தக் கம்பம்.

மே 13
"சைரன் மட்டும் வரையாதீங்க" என்றேன். பெரிய மணி, லவுட்ஸ்பீக்கர், சிவப்பு லைட் — எல்லாம் அதே கம்பத்தின் மேல். வேண்டாம் என்று சொல்லியே ஞாபகப்படுத்திவிட்டேனோ?

மே 14
மழை தொடங்கிவிட்டது.

மே 16
தாளை எடுத்துப் போகவில்லை. துஷாந்த் அண்ணன் ஏசினால் ஏசட்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "காம்பராவுல உங்கள திடுக்குன்னு எழுப்புறது என்ன?"

பக்கத்துக் காம்பரா ஜீவராணி அக்கா அம்மாவை முறைத்தாள். "இவுங்க வீட்டுத் தட்டுதான். விழுந்தா லயமே முழிச்சிக்குது!"

"ஒன் மகன் போடுற பாட்ட விடவா?" என்றாள் அம்மா.

சண்டை வந்துவிட்டது. எனக்கு அந்தத் தட்டிலேயே மனம் நின்றது. தட்டு! கரண்ட் வேண்டாம், கம்பம் வேண்டாம். காம்பராச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கு மேலாக ஒரே கம்பி எல்லா வீட்டுக்கும் போகும். இதைச் சொன்னதும் சண்டையை நிறுத்திவிட்டு எல்லாரும் வரைந்தார்கள். ஆளுக்கு ஒரு விதமாக!

மே 22
கட்டியாயிற்று. வெடிப்புக்குக் கீழே ஆணி. அதிலிருந்து கூரைக்குள் இழுத்துக் கட்டிய கம்பி. அதன் இறுக்கத்தில் நிற்கும்படி காம்பராவுக்கு ஒரு தகரத் தட்டு. மண் நகர்ந்து கம்பி தளர்ந்தால் தட்டு சிமெந்துத் தரையில் விழும். துஷாந்த் அண்ணன் பார்த்துவிட்டு, "இதயா ரிப்போட்ல எழுதுறது?" என்றார்.

விழாமல் போனால்? ஐயோ, அத்தனை உயிரும் என் தலையில்.

மே 27
காற்றுக்கே தட்டுகள் விழுந்தன. எல்லாரும் ஓடிப்போய் நனைந்தோம். "இன்னொரு தடவ விழுந்தா நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் ஜீவராணி அக்கா. கம்பியை இறுக்கினேன். அவள் சொன்னபடி செய்துவிட்டால்?

ஜூன் 2
பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். சாயந்தரம் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் தட்டுகள் விழுந்தன. எதிர்ப்பக்கத்துக் கோயில் மேட்டில் ஏறி முடிப்பதற்குள் பின்னால் மண் சரியும் அந்தச் சத்தம். எங்கள் காம்பரா இல்லை. ஜீவராணி அக்காவுடையதும் இல்லை.

ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எண்ணிவிட்டேன். மறுபடியும் எண்ணினேன்.

எழுந்திருக்க மாட்டேன் என்றவள் தன் வீட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மண்டபத்திலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா மெதுவாக அதை வாங்கிக் கழுவி, அவளுக்கே சோறு போட்டுக் கொடுத்தாள்.