கடைசிக் கட்டத்தின் அளவு

அன்பு மனைவிக்கு,

எழுத வேண்டியவை மூன்று:
1. மூடிய அணு உலையில் என் பாதுகாப்பு ஆய்வு முடிந்தது.
2. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அங்கே வரலாமா என்று யோசிக்கிறேன்.
3. நீ பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

தரை முழுவதும் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் கதிர்வீச்சை அளந்தோம். கடைசிக் கட்டத்தில், வெளியே புல்தரையில் இருக்கும் அளவுதான் இருந்தது. ஆனாலும் ஐந்து முறை அளந்தேன்.

"சார், கருவியே களைச்சுப் போச்சு. அறிக்கையில கையெழுத்தைப் போடுங்க" என்றார் நிலையப் பொறியாளர்.

மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "அந்த உலைக் கட்டடத்தை முடிச்சிட்டு வாங்க. உடம்பு இங்க, மனசு அங்கன்னு வந்து நிக்காதீங்க."

நான்கு வருடம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை கையெழுத்திட்டிருக்கலாம். இரண்டு முறையும் மறு ஆய்வு கேட்டேன். பாதுகாப்புக்காக என்றுதான் அறிக்கையில் எழுதினேன். ஆனால், கட்டடம் பாக்கி இருக்கும்வரை நீ காத்திருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இன்று கையெழுத்திட்டுவிட்டேன். இனிச் சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை.

வழக்கம்போல், எழுதியதை மறுபடி சரிபார்த்தேன். மேலே எழுதியதில் மூன்றாவது மட்டும் தவறு. ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
இன்னும் உன் வீட்டுக்காரன்