மூன்று நாளில் மூன்று மடங்கு

செவ்வாய்க்கிழமை

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். நீயும் உன் தங்கையும் அவளுடைய டியூஷன் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றால் எப்போது கூப்பிட்டாலும் நீ வகுப்பில் இருக்கிறாய். "அப்புறம் கூப்பிடறேங்க" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

விஷயம் அவசரம். நம் மூன்று பசுமைக்குடில்களிலும் அசுவினி வந்துவிட்டது. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுமே, அதே சனியன்தான். மருந்து அடிக்கக் கூடாது என்பது உன் சட்டம். நீ இல்லாவிட்டாலும் நான் அதை மீறவில்லை. அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வளர்த்து விற்கிறாரே, அந்த வண்டுக்காரரிடம் ஓடினேன். அடுத்த புதன்கிழமை ஒரே ஒரு பெட்டி தர முடியுமாம். அதற்கடுத்த பெட்டிக்கு இரண்டு மாதம் ஆகுமாம். ஒரு பெட்டியை மூன்று குடிலுக்கும் பங்கு போட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆகவே ஒரு குடிலை மட்டும்தான் வண்டு காக்கும். மற்ற இரண்டிலும் நான் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று உனக்கே தெரியும்.

எந்தக் குடிலில் விடுவது? இங்கேதான் மண்டை காய்கிறது. உரத்தண்ணீர் விடும் நாளில்தான் இலையைத் திருப்பிப் பார்ப்பது நம் வழக்கம். தக்காளி, மிளகாய் நாற்று இருக்கும் முதல் குடிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கிறேன். எண்ணுவதற்கு அடையாளமாக நூல் கட்டி வைத்த கிளையில் பத்துப் பூச்சி இருந்தது, அடுத்த முறை இருபது ஆனது. இரண்டு நாளில் இரண்டு மடங்கு. உன் செம்பருத்திகள் இருக்கும் இரண்டாவது குடிலில் மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கே பத்து முப்பதானது. மூன்று நாளில் மூன்று மடங்கு. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கொடுக்கும் இலைச்செடிகள் மூன்றாவது குடிலில். அங்கே நான்கு நாளில் நான்கு மடங்கு.

வண்டுக்காரர், "ரெண்டு நாள்லயே பெருகுதே, அதுதான் வேகம், நாத்துக்குப் போடுங்க" என்றார். எனக்கோ நான்கு மடங்கு என்றதுமே இலைச்செடிக்குத்தான் ஆபத்து என்று பட்டது. கூரை பழுது பார்க்க வந்த தச்சர் ஏணியில் நின்றபடியே, "ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு. எல்லாம் ஒண்ணுதானே, சீட்டுக் குலுக்கிப் போடுங்க" என்றார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கிறது.

சரி, இரண்டு மாதத்துக்கும் பெருக்கிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அறுபது நாளில் இரண்டை முப்பது தடவை, மூன்றை இருபது தடவை, நான்கைப் பதினைந்து தடவை பெருக்க வேண்டும். கடைக் கால்குலேட்டரில் எட்டு எண்ணுக்கு மேல் இடமில்லை. முடிவுக்கு வருமுன்னே பிழை என்று காட்டிக் கையை விரித்துவிட்டது. என் பட்டன் போன் அதற்கு அண்ணன். தாளில் போட்டேன். நான்கின் கணக்கை மூன்று முறை போட்டு மூன்று விடை வாங்கினேன். நீ இருந்தால் பல் துலக்கிக்கொண்டே சொல்லிவிடுவாய். எது பெரியது என்று மட்டும் எழுது, போதும்.

தங்கையின் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் வரைதான் கணக்கு சொல்லித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பரீட்சை முடிந்து நாளாயிற்று என்று தச்சரின் மகள் சொல்கிறாள். அவள் எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பாள். உன் கண்ணாடியின் இன்னொரு கூடு மேஜை மேலேயே இருக்கிறது, அனுப்ப வேண்டுமா?

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
தோட்டக்காரன்


சனிக்கிழமை

அன்புள்ள தோட்டக்காரருக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் பூச்சிக் கணக்கை நேற்று வகுப்பில் போட்டேன். கால்குலேட்டரைத் தொடக் கூடாது, பெருக்கவும் கூடாது, எது பெரியது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாதிப் பேர் முதல் குடில் என்றார்கள், பாதிப் பேர் மூன்றாவது. இரண்டாவதை ஒருவர் கூடச் சொல்லவில்லை. உங்களையும் வண்டுக்காரரையும் தச்சரையும் சேர்த்து எல்லோருக்கும் முட்டை மார்க்.

பெரிய எண்ணைக் கண்டு பயந்து பெருக்க ஆரம்பித்தால் அதோடு தொலைந்தோம். ஆறு நாளை ஒரு கட்டாகக் கட்டுங்கள். முதல் குடிலில் ஆறு நாளில் மூன்று முறை இரட்டிக்கும். இரண்டு, நான்கு, எட்டு. இரண்டாவதில் ஆறு நாளில் இரண்டு முறை மும்மடங்காகும். மூன்று, ஒன்பது. அறுபது நாள் என்பது அப்படிப் பத்துக் கட்டு. எட்டைப் பத்து முறை பெருக்கினால் பெரியதா, ஒன்பதைப் பத்து முறை பெருக்கினால் பெரியதா? இதற்கு எதற்கு மெஷின்? கடைசியில் முதல் குடிலைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பூச்சி இரண்டாவதில் இருக்கும். அதாவது அதற்குள் அவை உட்கார இலை மிச்சம் இருந்தால். மூன்றாவது குடிலைப் பார்த்து நீங்கள் பயந்தது வீண். நான்கு நாளில் நான்கு மடங்கு என்பதும் இரண்டு நாளில் இரண்டு மடங்கு என்பதும் ஒரே ஆள்தான், சட்டைதான் வேறு.

ஆகவே விடை, இரண்டாவது குடில். ஆனாலும் வண்டுகளை நீங்கள் முதல் குடிலிலேயே விடுங்கள். நாற்று கேட்டவர்கள் காத்திருப்பார்கள். செம்பருத்தி என் ஆசைக்கு வளர்த்தது. நீலப் பூ வரும் வரும் என்று இத்தனை வருஷம் மகரந்தம் மாற்றித் தடவியும் விதை எடுத்தும் சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை. பூச்சி முற்றிப்போனால் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலும் நாற்று போடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

பரீட்சை முடிந்தது உண்மைதான். தங்கை அடுத்த வருஷத்துக்கும் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். "அக்கா கணக்கு எடுப்பாங்கன்னா உடனே பணம் கட்டறோம்" என்று பெற்றவர்கள் சொல்கிறார்களாம். முன்னறையைக் காலி செய்து எனக்கென்று கட்டிலும் மேஜையும் போட்டிருக்கிறாள். கண்ணாடிக் கூட்டை அனுப்ப வேண்டாம், இங்கே புதிதாக வாங்கிக்கொண்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஈரத் துணியோடு குடிலில் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை


ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வண்டுப் பெட்டி வருவதற்கு முந்தின நாளே வந்து சேர்ந்தது. ஆறு நாள் கட்டுப் போட்டதும் எனக்கே விளங்கிவிட்டது. நம்பாமல் பன்னிரண்டு நாளுக்கு நானே பெருக்கிப் பார்த்தேன். அறுபத்து நான்கு, எண்பத்தொன்று, அறுபத்து நான்கு. இரண்டும் நான்கும் சமமாக நிற்கும்போது நடுவில் இருக்கிற மூன்று மட்டும் எப்படி மேலே போனது என்று இன்னும் புரியவில்லை. தச்சரிடம் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ அஞ்சு நாள்ல அஞ்சு மடங்குன்னா?" என்று கேட்டார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

கணக்கு புரிந்தது. நீ எழுதிய மற்றதுதான் புரியவில்லை. செம்பருத்திதான் முதலில் போகும் என்று அழகாக நிரூபித்துவிட்டு, அதை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். வெயில் ஏறினால் எனக்கு முன்னால் அவற்றுக்குத்தானே நிழல்வலை இழுப்பாய்? காய்ச்சலாகக் கிடந்தபோதும் போர்வையோடு போய் ஒவ்வொரு மொட்டையும் பார்த்தவள் நீ. பிடுங்கிவிடுங்கள் என்று உன் கையெழுத்தில் படித்ததும் வேறு யாரோ எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று முறை படித்தேன். அப்புறம் கட்டிலும் மேஜையும் போட்டிருக்கிற இடத்தைப் படித்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நீ சிரிக்கலாம். ஆனால் திரும்பி வருகிறவள் தன் செடியைப் பிடுங்கச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதன்கிழமை பெட்டி வந்தது. வண்டுக்காரர் முதல் குடிலின் வாசலிலேயே போய் நின்றுகொண்டார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு இரண்டாவதுக்குப் போனேன். "என்னங்க, நாத்தை விட்டுட்டா பொழப்பு போயிடுமே" என்று பின்னாலேயே வந்தார். கணக்குப்படிதான் செய்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். உன்னிடம் அந்தப் பொய் எதற்கு? கணக்கு வேறு மாதிரி வந்திருந்தாலும் அங்கேதான் விட்டிருப்பேன். சாயங்காலம் இலைகளை நனைத்து, ஜன்னல்களை மூடி, பெட்டியைத் திறந்தேன். பாதி வண்டு செடிக்குப் போகாமல் என் சட்டையில் ஏறிக்கொண்டது. ஒவ்வொன்றாக எடுத்து இலையில் விட்டு முடிக்க இருட்டிவிட்டது. இப்போது நூல் கட்டிய கிளையில் பூச்சி குறைந்திருக்கிறது. நாற்றில் ஒரு பகுதி போய்விட்டது. சோப்புத் தண்ணீர் அடித்து மீதியைப் பிடித்து வைத்திருக்கிறேன். வாங்க வந்தவர்களிடம் பாதிதான் தர முடியும் என்று சொல்லியாயிற்று. திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

உன் மேல் எனக்குக் கோபமா என்றால், தெரியவில்லை. உன் கடிதத்தில் வகுப்புச் சண்டையை எழுதிய இடத்தைப் படிக்கும்போது நீ சிரிப்பது காதில் கேட்டது. இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது. முப்பது பிள்ளைகள் உன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே, இவர்களுக்கெல்லாம் இவளை யார் கொடுத்தது என்று எரிச்சல் வருகிறது. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று எனக்கே பிடிபடவில்லை. நீ இல்லாமல் இங்கே எனக்குப் பிடிக்கவில்லை. அது ஒன்றுதான் குழப்பமில்லாமல் தெரிகிறது.

உன் தங்கை நன்றாக இருக்கட்டும். அவள் டியூஷன் பெருகட்டும், பிள்ளைகள் எல்லோரும் நல்ல மார்க் வாங்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன். நீ வருவதாக இருந்தால் பதில் எழுதி நாளைக் கடத்தாதே, வந்துவிடு. அங்கேயே இருப்பது என்று முடிவு செய்திருந்தால் அதையும் நேராகவே எழுது. நாற்று, பூச்சி என்று சுற்றி வளைத்தால் எனக்கு எட்டாது. அந்த முன்னறைக்கு வெளியே வெயில் விழுகிற இடம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுது. செம்பருத்தித் தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன். எங்களை எங்கே வேண்டுமானாலும் வை. பிடுங்கிவிடுங்கள் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

என்றும் உன்,
தோட்டக்காரன்