பட்டுப் புடவையில் எழுதிய பரீட்சை

இன்று மதியம் கல்லூரி மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு பெண்களைப் பார்த்தேன். பி.யூ.சி. சீருடை. மார்பின் குறுக்கே மடித்து இரண்டு தோளிலும் ஊக்கு குத்திய வெள்ளைத் துப்பட்டா. ஒருத்தி ஊக்குகளைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்க, மற்றவள் அவளுடைய துப்பட்டாவை உதறி ஒற்றைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் சிலை மாதிரி நின்றுவிட்டார்கள். "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்று ஊக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. கண்டிக்க வேண்டிய இடத்தில் நான் சிரித்துவிட்டேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும்.

அதே படியில்தான் நாமும் டிகிரிக்காரிகளாக மாறுவோம். சனிக்கிழமை என்றால் டிகிரி மாணவிகள் கலர் உடுப்பில் வருவார்கள். நமக்கோ பன்னிரண்டாவது படிக்கிற சீருடை. துப்பட்டாவை இடம் மாற்றிப் போட்டால் வயது மாறிவிடும் என்று எவ்வளவு உறுதியாக நம்பினோம்! அவர்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்னால் இருந்து யாராவது, "பாப்பா வந்தாச்சு" என்பாள். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

நம் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருந்த புதிது. பாடங்களுக்கு கிரெடிட் என்று ஒன்று வந்திருந்தது. வகுப்பாசிரியை ஒரு நாள் அறிவித்தார்: பி.யூ.சி. மாணவிகளும் விரும்பினால் சனிக்கிழமை மதியம் டிகிரி முதல் வருஷத்து உளவியல் வகுப்பில் உட்காரலாம்; பரீட்சையில் தேறினால் அந்த கிரெடிட் நம் பெயரில் இருக்கும்; பிறகு இங்கேயே டிகிரி சேர்ந்தால் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். சனிக்கிழமை மதியமா என்று வகுப்பே முனகியது. நீ ஒரு கையைத் தூக்கினாய். இன்னொரு கையால் என் கையைத் தூக்கினாய்.

"எனக்கு எதுக்குடி? நான் பி.யூ.சி. முடிச்சிட்டு டைப்பிங் போகப் போறேன்."

"துணைக்கு வாடி. தனியான்னா எங்கப்பா விட மாட்டாரு."

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரை வழியாக ஜோகுபாளையத்து வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னாய். பி.யூ.சி.யோடு படிப்பு போதும் என்று உன் அப்பா முடிவு செய்திருந்தார். கிருஷ்ணகிரியில் உன் அத்தை ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். நான் பதறிப்போய், "அப்புறம் இந்த கிளாஸ் எதுக்கு?" என்றேன்.

"ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டாதானே வேணாம்பாரு? ஆரம்பிச்சாச்சுன்னா? பாதி கட்டுன வீட்டை யாராவது அப்படியே விட்டுட்டுப் போவாங்களா?"

நம் தெருவிலேயே கம்பி நீட்டிக்கொண்டு வருஷக்கணக்காக நின்ற மாடிகள் எனக்கு ஞாபகம் வந்தன. சொல்லவில்லை. உன் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

உன் அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். சாயங்காலம் வந்து பனியனோடு உட்கார்ந்தார் என்றால் கால் வலி போகும்வரை யாரோடும் பேச மாட்டார். நீ அவர் முன்னால் போய் நின்று மெதுவாக ஆரம்பித்தாய். கிரெடிட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கிரெடிட்டா? எங்க கடையில கிரெடிட் கிடையாதுன்னு போர்டே மாட்டி வெச்சிருக்கு. கடன்ல படிக்கப் போறியா?"

"கடன் இல்லப்பா. அடுத்த வருஷத்துப் படிப்பை இப்பவே படிச்சு வெக்கறது."

"அடுத்த வருஷம் ஏது உனக்குப் படிப்பு?"

நீ என்னைக் காட்டி, "இவளும் வர்றாப்பா" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் ரொம்ப ஒழுக்கமான பெண் மாதிரி தலையாட்டினேன். "சனிக்கிழமை மட்டும்தானே? சும்மா ஊர் சுத்தாம வீட்டுக்கு வந்துடணும்" என்றார். அவ்வளவுதான் அனுமதி.

முதல் வகுப்பில் நான் கடைசி பெஞ்சைப் பார்த்து நடந்தேன். நீ என் பையைப் பிடித்து இழுத்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய். உளவியல் மிஸ் உள்ளே வந்து நம்மைப் பார்த்து, "வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல மிஸ், சீக்கிரமா வந்துட்டோம். ஒரு வருஷம்" என்றாய். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அதற்குப் பிறகு எந்தக் கேள்வி கேட்டாலும் அவர் கண் முதலில் நம் பக்கம்தான் வரும்.

அந்தப் பாடம் என்னைப் பிடித்துக்கொண்டதை நானே எதிர்பார்க்கவில்லை. மறதி ஏன் வருகிறது, பயம் எங்கிருந்து வருகிறது, ஒரே விஷயத்தை இரண்டு பேர் ஏன் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள் என்று மிஸ் சொல்லச் சொல்ல, எனக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் புதிதாகத் தெரிந்தார்கள். உனக்கோ பாடத்தை உடனே செய்து பார்க்க வேண்டும். ஒரு செயலுக்குப் பிறகு பரிசு கிடைத்தால் அந்தச் செயல் மறுபடி மறுபடி நடக்கும் என்று மிஸ் சொன்ன அன்றே நீ ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாய். உன் அப்பா.

திட்டம் எளிமையானது. அவர் வாயிலிருந்து காலேஜ் என்ற வார்த்தை நல்லபடியாக வந்தால், கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்ட டீ வரும். கிருஷ்ணகிரி என்ற வார்த்தை வந்தால் பால் தீர்ந்துவிடும். திங்கட்கிழமைதோறும் பஸ்ஸில் எனக்கு நிலவரம் சொல்வாய். "நேத்து அவரே, 'என்னம்மா பாடம் நடத்துனாங்க'ன்னு கேட்டாருடி! வேலை செய்யுது!" உன் அம்மா மட்டும், வீட்டில் இஞ்சி ஏன் இப்படித் தீர்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அத்தை சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் நல்ல நாளாம். அன்றைக்குத்தான் நம் பரீட்சையும்.

உன்னைக் கூப்பிட வந்தபோது மெரூன் பட்டுப் புடவையில் ஜன்னல் ஓரம் நின்றிருந்தாய். தலை நிறைய மல்லிகை, கை நிறையக் கண்ணாடி வளையல். கண்ணில் மை கலங்கியிருந்தது. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. உள்ளே பாத்திரச் சத்தம். "நீ போடி" என்றாய். பஸ்ஸில் எனக்குப் படித்தது எதுவுமே நினைவில் நிற்கவில்லை. துணைக்கு வந்தவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

கேள்வித்தாள் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து மேசை காலி. அரை மணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விட மாட்டார்கள். நான் எழுதுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். அப்போது வராந்தாவில் வளையல் சத்தம் கேட்டது.

மூச்சு வாங்க வந்து நின்றாய். டெனிமும் குர்தாவுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"சாரி மிஸ்."

மிஸ் உன்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "ஆமா, சாரிதான். ரொம்ப அழகா இருக்கு. போய் உக்காரு."

எழுத ஆரம்பித்ததும் வளையல் கலகலத்தது. மிஸ் நிமிர்ந்தார். நீ ஒவ்வொன்றாகக் கழற்றி மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாய். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை.

நடந்ததை வெளியே வந்த பிறகு சொன்னாய். கிருஷ்ணகிரி பஸ் தாமதம் போலிருக்கிறது, அவர்கள் வந்து சேரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நீ அப்பா முன்னால் போய், "அவங்க வர்றதுக்குள்ள எழுதிட்டு வந்துடறேன்பா" என்றாய். "வந்துட்டாங்கன்னா?" என்று அவர் கேட்டார். நீ அழத் தொடங்கினாய். அழுகையைக் கேட்டு உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "இவ்வளவு அலங்காரம் பண்ணியிருக்கேன், யாராச்சும் பாக்கட்டும். கூட்டிட்டுப் போங்க" என்றார். உன் அப்பா மொபெட் சாவியை எடுத்தார்.

வாசலில் காவலாளி உன்னைப் பார்த்து, "ஏனம்மா, மதுவெயா?" என்று கன்னடத்தில் கேட்டாராம், கல்யாணமா என்று. "மதுவெ இல்லண்ணா, பரீக்ஷெ" என்று கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறாய். பரீட்சை முடிந்து நாம் வந்தபோது அந்தக் காவலாளியும் உன் அப்பாவும் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி எழுதினே?"

"நல்லா எழுதியிருக்கேன்பா."

"சரி, ஏறு. வந்து உக்காந்திருப்பாங்க."

உட்கார்ந்துதான் இருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவன் போலிருக்கிறது, என்ன பாடம் என்று ஆர்வமாக உன்னைக் கேட்டான். அவன் அம்மா அவனை முறைத்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவங்கள உக்கார வெச்சிட்டுப் பரீட்சைக்குப் போற பொண்ணு, நாளைக்கு எங்கள எங்க உக்கார வெக்குமோ!"

உன் அப்பாவுக்கு உன் படிப்பின் மேல் எவ்வளவு அக்கறை வந்திருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் தன் வீட்டுக் கூடத்தில் தன் பெண்ணை ஒருவர் அப்படிச் சொல்வதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அமைதியாக எழுந்தார். "டீ குடிச்சீங்களா? ரொம்ப சந்தோஷம். கடைசி நேரத்துல பஸ்ல இடம் கெடைக்காது, இப்பவே கெளம்புங்க" என்றார். அத்தை ஒரு வருஷம் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு வருஷத்தை நாம் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம்!

அந்தத் தாளில் உன்னைவிட எனக்குச் சில மதிப்பெண் அதிகம். "துணைக்கு வந்தவளுக்கு என்னடி இவ்ளோ திமிரு" என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாய். மறுநாள் நீயே என் வீட்டுக்கு வந்து, என் அம்மாவிடம் மதிப்பெண்ணைக் காட்டி, இவ்வளவு வாங்குகிறவள் டைப்பிங் போனால் அந்த மெஷினே அழும் என்றாய். என் டிகிரி அப்படித்தான் முடிவானது.

டிகிரி முடித்த அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டோம். நான் உன் அப்பாவிடம் பெருமையாக, "மாமா, உங்க மேல ஒரு ஆராய்ச்சியே பண்ணோம், தெரியுமா?" என்றேன்.

"எது, அந்த டீ விஷயமா?" என்றார் அவர்.

நீ கையில் எடுத்த சோற்றோடு அப்படியே நின்றுவிட்டாய்.

"ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சிட்டேன்மா. காலேஜ்னா இஞ்சி டீ. கிருஷ்ணகிரின்னா பால் இல்ல. கால் வலியோட வந்து உக்காருவேன், டீ வேணும்னு தோணும். உடனே, 'என்னம்மா பாடம்'னு கேப்பேன்." கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "டீக்குத்தான் கேக்க ஆரம்பிச்சேன். கேட்டுக் கேட்டு எனக்கே அடுத்து என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆயிடுச்சு" என்றார்.

யார் யாரைப் பழக்கியது என்று இன்றுவரை என் வகுப்பில் இதைச் சொல்லிக் கேட்கிறேன். பாதி வகுப்பு உன் பக்கம். பாதி வகுப்பு உன் அப்பா பக்கம்.

பிறகு நீ ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போனாய். லிங்கராஜபுரத்துப் பையன் ஒருவனை நீயே தேர்ந்தெடுத்தாய், உன் அப்பாவே முன்னின்று கல்யாணத்தை நடத்தினார். நோய் வந்தது மட்டும் உன்னைக் கேட்காமல் வந்தது. சிகிச்சை முடியட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களிலேயே மொட்டை மாடியில் தொட்டி வாங்கி வைத்துத் தக்காளி நட்டாய். காய்த்துப் பழுத்ததைப் பறித்து எனக்கும் கொடுத்தாய். அதன் பிறகுதான் போனாய்.

நீ இல்லாத வெறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சேதி சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து தண்ணீரைக் கண்டால் எனக்கு நடுக்கம். போன மாதம் நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டால் இந்த வயதில் எதற்கு என்பார்கள் என்று வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேற்று தலை சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தபோது என் கணவர், "வெளியே மழையா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஆரம்பிச்சாச்சு" என்றேன்.