நிலா ஏன் மங்கலாக விழுகிறது

மார்ச் 3

வீட்டுக்குப் புது விருந்தாளி. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்பு வளையம். டெலிகன்வெர்ட்டராம். நீள லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் இதைச் செருகினால் எதையும் இரண்டு மடங்கு கிட்டே இழுக்குமாம். "நிலாவுல இருக்கற பள்ளமெல்லாம் தெரியும் பாரு" என்றார் இவர். நாள் முழுக்க பஸ் ஓட்டி ரோட்டுப் பள்ளம் பார்ப்பது போதவில்லை போல.

மார்ச் 4

மேகம். இவர் முகத்திலும்.

மார்ச் 5

சாயங்காலம் மொட்டை மாடியில் முதல் முயற்சி. வளையத்தைப் போட்டால் கேமரா தானாக ஃபோகஸ் செய்யாதாம், கையால் லென்ஸைத் திருகித்தான் பிடிக்க வேண்டும். கேமராவும் பழசு. ஒற்றைக் கண்ணைத் துவாரத்தில் வைத்துப் பார்க்கணும். பின்னால் இருக்கிற திரையில் எடுத்து முடித்த பிறகுதான் படம் வரும். திருகினார், திருகினார், "வந்துடுச்சு!" என்று கத்தினார். கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, தண்ணில விழுந்த மாத்திரை மாதிரி இருக்கு."

மார்ச் 6

ஆட்டம்தான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார். கேமரா ஆடாமல் இருக்க ட்ரைபாட் முக்காலியின் நடுவில் ஒரு பை உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். நாத்தனார் துணி எடுக்கக்கூட மாடிக்கு வரக் கூடாது. நான் தும்மினேன், அதற்கும் ஒரு முறை முறைத்தார். நிலா என்னவோ அப்படியேதான். சமையலுக்கு உருளைக்கிழங்கைக் கழற்றிக்கொண்டு நான் இறங்கியதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

மார்ச் 7

இன்றைக்குப் பழி டெலிகன்வெர்ட்டர் மேல். கடைக்காரர் தலையில் கட்டிவிட்டாராம். போன் போட்டு ஒரு பாட்டம் பேசினார். அந்த மனுஷன் "இங்க இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாராம். பாவம்.

மார்ச் 8

கேமராவை "நீயே பிடி" என்று என்னிடம் தள்ளிவிட்டார். அச்சகத்தில் நாள் முழுக்க பூதக்கண்ணாடி வைத்து எழுத்தோரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். மங்கல் எது, துல்லியம் எது என்று எனக்குத் தெரியாதா? துவாரத்தில் கண்ணை வைத்துச் சும்மா ஒரு துளி திருகினேன். நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேர்கிற இடத்தில் பள்ளம் பள்ளமாக, ஒவ்வொன்றுக்கும் கரையோடு... ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது.

"என்னங்க, ஓடி வாங்க. தொடாம பாருங்க!"

பார்த்தார். "அதே மங்கல்தான்."

பொத்தானை அழுத்தினேன். படம் திரையில் கச்சிதமாக வந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு "அட, எப்படி எடுத்த!" என்கிறார்.

அதே நிலா. திரையை இரண்டு கண்ணாலும் பார்த்தால் தெரிகிறது. துவாரத்தில் வலது கண்ணை மட்டும் வைத்தால் தெரியவில்லை. தோளைப் பிடித்து அவரைத் திருப்பினேன்.

"இடது கண்ணை மூடுங்க. எதிர் மாடிக் கொடியில எத்தனை சட்டை காயுது?"

"கொடி எங்க இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரலை. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா பஸ் ஓட்டினாரு? அத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு?

மார்ச் 9

காலையிலேயே சண்டை. டாக்டரிடம் போனால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்களாம்.

"பஸ் இல்லாம என்ன பண்ணுவேன்? வீட்ல உக்காந்து உன்னையே பார்த்துட்டு இருக்கவா?"

"அதுவும் ஒத்தக் கண்ணால" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஷூவை மாட்டினார். வாசலில் குறுக்கே போய் நின்றேன்.

"நீங்க போனா நானே டெப்போவுக்கு வந்து சொல்லிடுவேன்."

இப்படி அவரிடம் பேசியதே இல்லை. அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பயமா இருக்கு. அவருக்கும்தான் இருக்கும், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

மார்ச் 11

கண் டாக்டர். வலது கண்ணில் புரை. வயதை முந்திக்கொண்டு வந்துவிட்டது, எடுத்துவிடலாம் என்றார். "இது எப்படிங்க எனக்கே தெரியாம போச்சு?" என்று இவர் கேட்டார். நல்ல கண்ணு கெட்ட கண்ணோட வேலையையும் சேர்த்துப் பார்த்துடும், அதான் என்றார் டாக்டர். திரும்பவும் பஸ் ஓட்டலாமா என்பதை மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு சொல்கிறாராம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோர சீட்டில் பயணியாக உட்கார்ந்து, டிரைவர் பிரேக் போடுகிறபோதெல்லாம் தன் காலையும் அழுத்திக்கொண்டு வந்தார்.

மார்ச் 19

ஆபரேஷன் முடிந்தது. நன்றாகவே.

மார்ச் 22

சொட்டு மருந்து விட நான் கிட்டே போனால் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொள்கிறார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். தண்ணீர் சொம்பும் பாரத்தில் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 4

திங்கட்கிழமையிலிருந்து பஸ் எடுக்கலாம். கண் டாக்டரும் சரி என்றார், டெப்போ டாக்டரும் சரி என்றார். அதைக் கேட்டதிலிருந்து விசில் அடித்தபடி வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

சாயங்காலம் மாடிக்குப் போனோம். அரை நிலா. இவர் லென்ஸைத் திருகினார், ஓரிடத்தில் கை நின்றது. தலையைத் தூக்கி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இடது கண்ணுல நிலா லேசா பழுப்பா இருக்கு. வலதுல வெள்ளை வெளேர்னு இருக்கு. எது நிஜம்?"

"வெள்ளைதான். அதுலதானே புது லென்ஸ் வெச்சிருக்காங்க."

படம் நான் எடுத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும். சந்தோஷத்தில் எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. திரும்பி என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார்.

"உனக்குக் கன்னத்துல ரெண்டு மச்சமா?"

"ஒண்ணுதாங்க. இன்னொண்ணு அச்சு மை."

"இன்னிக்குப் பட்டதா?"

"தினமும்தான் படுது."

கட்டை விரலை நீட்டித் துடைத்தார். மையைத்தான்.