மணிக்கட்டுக்குக் கீழே

அஜித்துக்கு,

இல்லைடா, உங்க அப்பா முகம் படத்தில் வரவில்லை. பெயரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பாதி சொல்வதற்குள் நீ அதையே மூன்று தடவை கேட்டாய். அப்புறம் "ரூம்ல ஆறு பேரு இருக்காங்கடா, வைடா" என்று கட் பண்ணிவிட்டாய். சரி, மீதியைப் பேப்பரில் எழுதுகிறேன். கோவிந்தசாமி அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். உங்கம்மா தரும் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

இங்கே எல்லாரும் நலம். உங்கம்மா முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "மீன் நாறுதுன்னு டாக்டரு மூக்கப் புடிப்பாரு, போடா" என்கிறார். நான் பாலிடெக்னிக்கை விட்டதுபோலவே தட்டாஞ்சாவடி பக்கெட் கம்பெனியையும் விட்டாயிற்று. நாள் முழுக்க பக்கெட்டுக்குப் பிடி மாட்ட மனுஷனால் ஆகாது. இப்போது இந்த டாக்குமெண்டரி எடுப்பவர்களுக்கு லைட் தூக்குகிறேன்.

படம் குருசுக்குப்பத்து ஆனந்தராஜ் முசேவைப் பற்றி. நமக்கு அவர் யார்? சாகும்வரை குடை பிடித்துக்கொண்டு மீன் வாங்க வந்த, ஊரே பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிட்ட ஒண்டிக்கட்டை டிராயிங் வாத்தியார். அவ்வளவுதான். ஆனால் அந்த மனுஷன் ஐம்பது வருஷமாக ஆம்பளைகளைத்தான் வரைந்திருக்கிறார். ஒட்டுத்துணி இல்லாமல். ஆம்பளைக்கு ஆம்பளை மேல் வரும் ஆசையை, ஆசையாகவே. இங்கே அதை யாரும் வாயால்கூடச் சொல்லாத காலத்தில். பாரிஸில் அந்தப் படங்களைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்களாம். முதல் பெட்டியைத் திறந்தபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கேமராக்காரனோடு சேர்ந்து சிரித்துச் சமாளித்தேன். அவர்கள் டீ குடிக்கப் போனதும் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பெட்டியில்தான் அந்தப் பாதிப் படம் இருந்தது. மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆள். இடுப்போடு நேராக வெட்டியிருந்தது. தொடை மேல் வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும். உங்க வீட்டில் மாலை போட்டிருக்கும் அப்பா படத்தில் கை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் "உங்கப்பா கை எங்கடா"ன்னு கேட்டதற்கு, "சுறா துன்னுடுச்சு" என்றாய். ரெண்டு வருஷம் நம்பினேன் நாயே.

"இந்தக் கை எனக்குத் தெரியும்" என்று வாய் விட்டுவிட்டேன். தப்புதான். டைரக்டர் பூர்ணிமா அக்கா அன்றிலிருந்து என்னை விடவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. அதனால் அவராகவே ஒன்றை எழுதிக்கொண்டார். யாரோ அருவருப்பில் வெட்டி எறிந்தார்களாம், இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது அந்த வெட்டுதானாம். படம் அதோடு முடியுமாம்.

எனக்குத் தாங்கவில்லை. நேராகக் கடற்கரைக்குப் போய் உங்கம்மாவிடம் கேட்டேன். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவே இல்லை.

சுனாமியில் வீட்டோடு கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் போனதும், உங்க அப்பா கருமாதிக்கு மாலை போட ஒரு படம்கூட இல்லாததும் உனக்கே தெரியும். அப்புறம் நடந்ததை உங்கம்மா வாயாலேயே கேள். "கல்யாணத்துக்கு முன்னாடி முசே இவர வரஞ்சாருன்னு எனக்குத் தெரியும். போய் வாசல்ல நின்னேன். முழுப் படத்தையும் கொண்டாந்து வெளிச்சத்துல வச்சாரு. முழுசா பாத்தேன்டா. இத எப்புடி சாமி, மாலை போட்டு நடுவீட்டுல வைப்பேன்னு அழுதேன். அந்தாளு உள்ள போனாரு. கத்திரிக்கோல எடுத்தாரு. இடுப்போட நேரா வெட்டி, மேல்பாதிய எங்கையில குடுத்தாரு."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு. பதினாலு வருசம் அந்த மனுசன்கூட குடும்பம் நடத்துனேன், முசே பாத்த மாரி நான் ஒரு நாளும் பாக்கலியேன்னு வந்துச்சு." சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். முசே செத்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததும் உங்கம்மா ஒருத்தர்தானாம். வேறு ஆள் இல்லையாம்.

கேமரா வந்தால் வீட்டுப் படத்தைக் காட்டலாமா என்று கேட்டேன். "எம்புள்ள சொன்னா காட்டுறேன்" என்றார்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆவணியில் உனக்கும் சங்கவிக்கும் கல்யாணம். பெண் வீட்டில் ஆயிரம் பேசுவார்கள். அதனால் உன்னிடம் கேட்கவில்லை. ஆனால் அந்த வெட்டை வெறுப்பு என்று ஊரெல்லாம் காட்ட விடமாட்டேன். தான் வரைந்ததிலேயே உசத்தியானதை அந்த ஆள் தன் கையால் வெட்டி ஒரு பொம்பளைக்குக் கொடுத்தார். அதையும் அவரிடமிருந்து பிடுங்கினால் அவருக்கு என்ன மிச்சம்?

அதனால் இன்றைக்குக் கேமரா முன்னால் நான் உட்காரப் போகிறேன். எந்தக் குப்பம், எந்த வீடு, எந்த வருஷம், எதுவும் சொல்லமாட்டேன். கொடுப்பதற்காக வெட்டினார் என்று மட்டும் சொல்வேன். உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை, நீ யார் என்று அக்கா கேட்பார். அதற்கும் பதில் சொல்வேன்.

"அந்தாளுங்ககூட சுத்தாதடா, உன்னையும் அப்புடி நெனச்சிடுவானுங்க" என்று நீ போன மாசம் சொன்னாய். நினைக்கட்டும். தப்பாக ஒன்றும் நினைக்கப்போவதில்லையே. உனக்குத் தெரியாததா? நீ பிளைட் ஏறுவதற்கு முந்தின நாள் படகு மறைவில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இந்தப் பேப்பரிலும் எழுதமாட்டேன். அது உன்னுடையது.

நீ போனதிலிருந்து சாயங்காலம் எங்கே போவதென்றே தெரியவில்லை. பீச் ரோடு முழுக்க வெளியூர்க்காரன். எவனாவது போனை நீட்டி, "புரோ, ஒரு போட்டோ" என்பான். எடுத்துக்கொடுப்பேன். ரெண்டு ரெண்டு பேராக நிற்பார்கள். சில நாள், நாள் முழுக்க நான் பேசுகிற பேச்சே "ஸ்மைல்" மட்டும்தான்.

உங்கம்மாவிடம் கத்தாதே. அவர் என்னை அனுப்பவில்லை. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். கல்யாண பேனரில் என் போட்டோ வேண்டாம் என்று உன் மாமா சொல்வார். சரியென்று சொல்லிவிடு, சண்டை போடாதே. பத்திரிகையும் வேண்டாம். வாடா என்று ஒரு வார்த்தை மட்டும் சொல். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உன் கண்ணில் படாமலே

சட்டையில் மைக் மாட்ட வந்துவிட்டான். போகணும்டா.

முகிலன்