ஓர்லிகோனில் ஒரு வியாழக்கிழமை ஒளிபரப்பு

ஓர்லிகோன், சுவிஸ்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் கோபிஷாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். மான்செஸ்டர் குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருக்க முருகன் துணை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கடிதம் என்றதும் யாருக்கோ உடம்பு வருத்தம் என்று பயந்துவிடாதே. நீ பார்மசிப் படிப்பை விட்டுவிட்டு அந்த வானொலி வேலைக்குப் போனதிலிருந்து, ஃபோனில் கதைத்தால் மூன்றாவது நிமிடமே சண்டைக்கு வந்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நேற்றுமுன்தினம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு காரியம் நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

இல்லத்தில் எங்கள் பகுதியில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். உண்மைப் பெயரை வெளியில் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை, பௌலின் என்று வைத்துக்கொள். வயது எண்பது. சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து நாற்பத்தைந்து வருடம். மறதி நோய் வந்ததும் டொச் பாஷை எல்லாம் போய், ஆங்கிலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பி கொடுக்கும் நேரம், சாப்பாட்டு மண்டபத்து மணிக்கூட்டுக்குக் கீழே போய் நிற்பார். யாராவது பக்கத்தில் போனால் கத்துவார், கையை விசுக்குவார். போன மாதம் ஒருவரின் கோப்பையைத் தட்டிவிட்டார், சுடுகோப்பி அவர் மடியில் கொட்டிவிட்டது. அதோடு பௌலினைப் பூட்டிய பகுதிக்கு மாற்றுவதென்று எங்கள் பொறுப்பாளர் அவருடைய மகனுக்குக் கடிதமும் அனுப்பிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் கிட்டப் போகாமல், தள்ளி ஒரு கதிரையில் இருந்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கொன்வென்றில் படித்த ஆங்கிலம் அதற்குப் போதும். "நேரம், நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். அடுத்து வருவது சிறுவர் நிகழ்ச்சி. அதற்கு முன், இன்று பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள்..." என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு நின்றார். இடையில் டிலக்ஷி (என்னோடு வேலை செய்யும் பிள்ளை) குறுக்கே போனதும் வந்த கத்தல் என்ன தெரியுமோ? "ஒளிபரப்பில் இருக்கிறேன், விலகு!"

பௌலினின் மகனிடம் விசாரித்தேன். தாய் எழுபதுகளில் வட இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் அறிவிப்பாளராம். கமெராவுக்கு முன்னால் இருந்து, அடுத்து என்ன வருகிறது என்று சொல்கிற வேலை. இதெல்லாம் இங்கே யாருக்கு வேண்டும் என்று நினைத்து அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். அடுத்த முறை வரும்போது ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்தார். 1974இல் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து நிலையம் மூடும்வரை அன்றைய நிகழ்ச்சிகள் எல்லாம் தட்டச்சில், ஒவ்வொன்றுக்கும் நிமிடமும் வினாடியும் போட்டு. ஓரத்தில் பென்சிலால், "இங்கே சிரி", "இங்கே மூச்சு எடு".

கூட்டங்களில் நான் வாய் திறக்கிறதில்லை என்று உனக்குத் தெரியும். அன்று கையைத் தூக்கிவிட்டேன். பௌலினை மாற்றுவதற்கு முன், அந்தத் தாளில் உள்ளபடி ஒளிபரப்பு நடத்திப் பார்க்க எனக்கு ஒரு நாள் தாருங்கள் என்று பிழைபிழையாக டொச்சில் கேட்டேன். பொறுப்பாளர், ஒரே ஒரு நாள் என்றார்.

அந்த நாள்தான் இந்த வியாழன். மண்டபத்தில் மேசை, மேசை விளக்கு, ஒரு பூச்சாடி. எதிரே இல்லத்துப் பெரியவர்கள் இருபத்திரண்டு பேர். பௌலின் நீலச் சட்டை போட்டு, உதட்டுச் சாயம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! பத்து மணிக்குப் பாடசாலை நிகழ்ச்சி, அதற்குப் பதில் எங்கள் உடற்பயிற்சி. பன்னிரண்டுக்குப் பொம்மைகள், டிலக்ஷி காலுறையில் பொத்தான் தைத்துச் செய்தவை. இரண்டரைக்குக் குதிரைப் பந்தயம். குதிரைக்கு நாங்கள் எங்கே போவது? சக்கர நாற்காலிகள் இரண்டை நடைபாதையில் ஓடவிட்டோம், பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நாலு மணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து. எங்கள் ஆட்களின் பெயர்களைத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். தன் பெயரைக் கேட்டதும் தொண்ணூற்றொரு வயது ஐயா ஒருவர் எழும்பி நின்று கும்பிடாத குறை. அவர் பிறந்தது மார்ச்சில், அன்று அவருக்குப் பிறந்தநாளே இல்லை!

திடீரென்று பௌலினின் பேச்சு நின்றுவிட்டது. தாளைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. பொறுப்பாளர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இனிக் கத்தப் போகிறார் என்றே நினைத்தேன். பௌலின் உள்ளங்கையை மேசையில் வைத்தார். மெல்லச் சிரித்தார். "மன்னிக்கவும். தடங்கல் எங்கள் பக்கத்தில்தான், தயவுசெய்து உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்ட வேண்டாம். சரிசெய்யும்வரை கொஞ்சம் இசை." டிலக்ஷி ஓடிப்போய்ப் பியானோ இசையைப் போட்டாள். இரண்டு நிமிடத்தில் விட்ட இடத்தைப் பிடித்துவிட்டார், மகள்! எனக்குக் கை தட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்தது வானிலை. அதை வாசிக்க வேண்டியவருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு அறையிலிருந்து அழைப்பு மணி. பௌலின் என்னை நோக்கி விரலை நீட்டினார். பஞ்சு மேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் நிற்கிறேன், நாக்கு ஒட்டிவிட்டது. "எல்லாருக்கும் சொல்லாதே, ஒருவருக்கு மட்டும் சொல்" என்று அவர் மெல்லச் சொன்னார். நான் உனக்குச் சொன்னேன். ஸ்கொட்லாந்தில் மழை, மான்செஸ்டரில் காற்று, குடை எடுக்க மறக்காதே என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆறு மணிக்கு, பெட்டியை அணைக்க மறக்க வேண்டாம் என்று சொல்லி நிலையத்தை மூடினார். பிறகு தானாகவே வந்து சத்தமில்லாமல் சூப் குடித்தார். மாற்றுகிற கதையை மூன்று மாதம் தள்ளிவைத்தாயிற்று. வியாழன்தோறும் ஒளிபரப்பு நடத்தச் சொல்லி உத்தரவு. நேற்றுக் காலை என்னை யார் என்று கேட்டார், அது வேறு விஷயம்.

பிள்ளை, "மைக்குக்கு முன்னால கத்திறதுக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்" என்று நான் கேட்டது உனக்கு மறந்திருக்காது. நேற்றுப் பின்னேரம் அட்லிஸ்வில் கோவிலில் தயாநிதி அன்ரி வழமைபோல, "கோபிஷாவுக்குப் பார்மசி எப்ப முடியுது?" என்று கேட்டார். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இதுவரை சொல்லி வந்தேன். நேற்று, "அவள் அதை விட்டிட்டாள். இங்கிலாந்தில வானொலியில கதைக்கிறாள்" என்றேன். அன்ரி, "ஓமோ, நல்லாக் கதைப்பாளோ?" என்று கேட்டார். நான் ஒரு நாளாவது உன் நிகழ்ச்சியைக் கேட்டிருந்தால்தானே சொல்லுவேன்.

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை. ஆனால் இன்று காலை, வெளிநாட்டு வானொலிகளை ஃபோனில் எப்படிப் பிடிப்பது என்று ஏதோ செய்தி கேட்கப்போகிறவர் போல என்னிடம் கேட்டார்.

உன் நிகழ்ச்சி என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது. உங்கள் நேரத்தையே எழுது, இங்கே ஒரு மணி நேரம் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். வேலை இருந்தால் மாற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கேட்போம். உன் குரல் தெளிவாக, நடுங்காமல் வர வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். எல்லாருக்கும் கதைக்கிற நேரத்தில் ஒரு வசனமாவது எங்களுக்கென்று கதை, மகள்.

உன் அன்பு அம்மா
சுகந்தி