பத்து நிமிடம் மட்டும் செல்லுபடியாகும்

நாள் 188, 07:40. பூமிக்குச் செய்தி போக 13 நிமிடம் 4 நொடி.

தலைப்பெட்டி: சரி. கிளைப்பெட்டிகள் ஐந்து: சரி. இணைந்திருக்கும் கருவிகள் நாற்பத்தொன்று. முன்பின் தெரியாதது ஒன்றுமில்லை.

எழுதுவது கோமதிநாயகம், தொடர்புப் பொறியாளர், சொந்த ஊர் சங்கரன்கோவில். செவ்வாயில் எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய ஒரு குகைக்குள் இந்த வீடு இருக்கிறது. அடுத்த குழு நாள் 540-இல் வரும். அதுவரை காவலுக்கு இரண்டே பேர். மற்றவள் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி, பாறை ஆராய்ச்சி. இந்தப் பக்கம் சமையலறை, படுக்கை, என் மேசை. அந்தப் பக்கம் பட்டறை. நடுவில் எண்பது மீட்டர் வளைந்த பாதை, இரு முனையிலும் இரும்புக் கதவு.

வீட்டுக்கு மெஷ் வைஃபை, அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வலையாவது, தேர்ந்தெடுத்தவன் நான். கடைசிச் சுற்றில் இரண்டு நின்றன. ஒன்று வெறும் வெள்ளைப் பெட்டி. செருகினால் வேலை செய்யும், மற்றபடி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. இன்னொன்று இது. எந்தக் கருவி வரலாம், எப்போது வரலாம், யாருக்கு முன்னுரிமை என்று நாற்பது பக்கத்துக்குக் கட்டுப்பாடு. அறுபத்திரண்டு பக்க அறிக்கை எழுதி இதைத்தான் வாங்க வைத்தேன். கதவுகளையும் இதிலேயே கோத்தேன். முப்பத்தொரு விதிகள் நானே எழுதினேன். முப்பத்தொன்றாவது எனக்குப் பிடித்தது: தெரியாத வலை எதுவும் நம் கருவிகளின் கண்ணிலேயே படக்கூடாது.

தேர்வுக் கூட்டத்தில் ஜெசிந்தா கேட்டது ஒரே கேள்வி. "இது கெட்டுப்போச்சுன்னா யாருகிட்ட கேக்கணும் அண்ணாச்சி?" எல்லோரும் சிரித்தோம். தோற்றுப்போன வெள்ளைப் பெட்டியை, ஊரில் அம்மாவுக்கு ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாள் 188, 08:15.

பட்டறையிலிருந்து குரல்: "அண்ணாச்சி, வந்து சேந்துட்டேன். தோச மாவு பொங்கி வழியப்போவுது, ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. மத்தியானம் நான் வந்து சுடுதேன். நீங்க சுட்டா அது அப்பளம்."

பதில் அனுப்பினேன்: "வாய் ரொம்ப நீளுதும்மா. வெரசா வேலய முடி."

நாள் 188, 11:30.

11:02-க்கு நில அதிர்வு. ஒன்பது நொடி. நடுப்பாதையின் கூரை விரிசல் விட்டு காற்று வெளியேறியது. கதவுகள் தானே பூட்டிக்கொண்டன. கூரை வெடிப்பு 11:20-க்குத் தானே அடைபட்டது. அதற்கென்று பூசிய பசை வேலை செய்திருக்கிறது. அது மட்டுமாவது.

மின் வீச்சில் தலைப்பெட்டி எரிந்துவிட்டது. தலை போனதால் கிளைப்பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. அப்படித்தான் அமைத்திருக்கிறேன். பட்டறையிலிருந்து குரல் இல்லை.

கவலை வேண்டாம். மாற்றுத் தலைப்பெட்டி கிடங்கில் இருக்கிறது.

நாள் 188, 12:45.

மாற்றுப் பெட்டியை மாட்டினேன். திரையில் வந்தது: "உரிமையாளரை உறுதிசெய்ய ஆறிலக்க எண் அனுப்பப்படும். எண் பத்து நிமிடம் மட்டும் செல்லுபடியாகும்."

கேட்டேன். கேள்வி பூமிக்குப் போக பதிமூன்று நிமிடம். எண் வந்து சேரப் பதிமூன்று நிமிடம். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு அதைப் பற்றி என்ன கவலை? பத்தாவது நிமிடத்தில் "காலாவதி" என்று காட்டிவிட்டு அணைந்தது. ஒவ்வொரு முறையும் புது எண். நான்கு முறை கேட்டேன். நான்கு எண்களும் செத்துத்தான் வந்தன.

பூமியில் என் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சோதித்தபோது எண் மூன்று நொடியில் வந்தது. அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தேன்.

நாள் 190, 09:10. பூமிக்கு 12 நிமிடம் 57 நொடி.

கதவுகள் இரண்டும் மெஷ் வழியே ஒன்றுக்கொன்று "நான் சரி" என்று சொன்னால்தான் பாதையில் காற்று நிரம்பும், திறக்கும். பட்டறையின் வெளிக்கதவும் இதே தலைக்குத்தான் அடங்கும். வெளியே போக அணியும் மூச்சுடை இரண்டும் அவள் பக்கம், துளைக்கும் கருவியும் அவள் பக்கம். அவள் தன் கதவை உடைத்து வந்தாலும் என் கதவு திறக்காது; அதையும் துளைத்தால் இந்தப் பக்கக் காற்றும் போய்விடும். நான் என் கதவை உடைத்தால் பாதையில் மூச்சு விடக் காற்றில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அதற்கு அறுபத்திரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவள் பக்கம் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பாடு நாற்பது நாளைக்கு. சிக்கனமாகத் தின்றால் எழுபது.

மாவு புளித்துவிட்டது. கொட்டவில்லை.

நாள் 194, 15:20. பூமிக்கு 12 நிமிடம் 42 நொடி.

பெட்டி செய்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதாம். அவர்களின் பதிலைத் தரை நிலையம் அப்படியே அனுப்பியது: "அன்பான வாடிக்கையாளரே, சிரமத்துக்கு வருந்துகிறோம். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சேவை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்."

அணைத்துப் போட்டேன். இருநூறு தடவையாவது போட்டிருப்பேன்.

நாள் 201, 10:05. பூமிக்கு 12 நிமிடம் 16 நொடி.

தரை நிலையத்தில் பொறுப்பிலிருக்கும் பார்கவியின் செய்தி: "சார், பொறியாளர் ஒருத்தரைக் கண்டுபிடிச்சுட்டோம். பூமியிலிருந்தே திறக்க வழி இருக்காம். ஆனா விதி பன்னிரண்டு தடுக்குதுன்னு சொல்றார். வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் நிர்வகிக்கக் கூடாதுன்னு. அது யார் போட்டது சார்?"

நான்தான். மாற்றுப் பெட்டிக்கும் என் விதிகளை ஏற்றித்தான் கொண்டுவந்தேன். விதியை அழிக்கவும் அதே ஆறிலக்க எண் வேண்டும்.

நாள் 203, 08:00.

கணக்குப் போட்டாயிற்று. இரண்டு கோள்களும் நெருங்கி வருகின்றன. போய்வரப் பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் எண் உயிரோடு வரும். ஒரு வழிக்கு ஐந்து நிமிடத்துக்குக் கீழே. அது நாள் 319.

இன்னும் நூற்றுப்பதினாறு நாள். அவளிடம் அவ்வளவு இல்லை.

நாள் 228, 13:00. பூமிக்கு 10 நிமிடம் 37 நொடி.

இன்றோடு நாற்பது நாள்.

நான் சாப்பிடுகிறேன். அதையும் எழுதிவைக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. இந்தப் பக்கம் இருவருக்கான சாப்பாடு இருக்கிறது. தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் தின்றுவிடுகிறேன்.

நாள் 258, 13:00. பூமிக்கு 8 நிமிடம் 47 நொடி.

எழுபது நாள்.

பார்கவி: "சார், தயவுசெஞ்சு தூங்குங்க. நீங்க இதுக்குக் காரணம் இல்ல."

நல்ல பெண். என் அறிக்கையைப் படித்திருக்க மாட்டாள்.

நாள் 291, 16:40. பூமிக்கு 6 நிமிடம் 44 நொடி.

வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஜெசிந்தா இருக்க மாட்டாள். சொன்னதும் மனம் ஏற்கவில்லை. அவள் பிடிவாதக்காரி, கால் பொட்டலம் தின்று நாளைத் தள்ளுவாள் என்று என்னோடு நானே வாதாடினேன். எழுதும்போதே பொய் என்று தெரிகிறது.

ஆறு எண்களை வேகமாக அடிக்கப் பழகுகிறேன். மூன்று நொடிக்கு வந்துவிட்டேன்.

நாள் 319, 09:30. பூமிக்கு 4 நிமிடம் 58 நொடி.

எண் உயிரோடு வந்தது. மிச்சமிருந்தது நான்கு நொடி. அவசரத்தில் ஐந்தாவது இலக்கத்தைத் தவறாக அடித்தேன்.

"தவறான எண். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து முயலவும்." விதி ஏழு. நான்தான்.

நாள் 321, 09:30. பூமிக்கு 4 நிமிடம் 51 நொடி.

சரி. நீல விளக்கு எரிகிறது.

தலைப்பெட்டி: சரி. கிளைப்பெட்டிகள் ஐந்து: சரி. பட்டறைக் கதவு மட்டும் மெஷில் இல்லை. பட்டறையின் கிளைப்பெட்டியில் காத்திருந்த குரல் செய்திகள் ஐம்பத்திரண்டு. வரிசையாக வருகின்றன.

நாள் 321, 10:10.

நாள் 188-இன் குரல்: "அண்ணாச்சி, கேக்குதா? நான் நல்லாத்தான் இருக்கேன். மேல கொஞ்சம் மண்ணு விழுந்துச்சு, அம்புட்டுத்தான். பயப்படாதிய."

நாள் 193: "அந்த வெள்ளப் பெட்டி ஞாவகம் இருக்கா? அம்மைக்குன்னு சொல்லி வாங்குனது. படம் பாக்கலாம்னு ஒளிச்சு வச்சுக் கொண்டாந்துட்டேன், ஏசாதிய. இந்தக் கதவுப் பலகைய அதுல கோத்துட்டேன். பூட்டே போடல. வலைக்கு ஒங்க பேருதான். ஒங்க திரையில வரும். ஒரு தடவ தொட்டாப் போதும், ஒங்க கதவும் இதுல சேந்துரும், ரெண்டு கதவும் பேசிக்கிடும்."

நாள் 193.

அப்போது அவளிடம் முப்பத்தைந்து நாள் சாப்பாடு இருந்தது.

நாள் 321, 10:40.

தலைப்பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். என் கருவிகள் எல்லாம் அதில் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன.

தடுக்கப்பட்ட வலைகள்: ஒன்று.
பெயர்: கோமதி அண்ணாச்சி.
சிக்னல்: ஒரு கோடு.
முதலில் தென்பட்டது: நாள் 193.
தடுத்தது: 18,406 முறை.
காரணம்: உரிமையாளர் விதி 31.
கடைசியாகத் தென்பட்டது: இந்த நிமிடம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்று எழுத வருகிறது. அப்படிக்கூட இல்லை. அவள் வெண்ணெயை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தட்டிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நாள் 321, 11:15.

நாள் 230: "இன்னும் தொடலியே அண்ணாச்சி. எம்மேல கோவமா? பெட்டியக் கொண்டாந்தது தப்புதான்."

அதற்குப் பிறகு நிறைய இருக்கிறது. பாட்டு ஒன்று. அம்மைக்கு ஒன்று, அதைப் பார்கவிக்கு அனுப்பிவிட்டேன். சில நாட்களில் மூச்சுச் சத்தம் மட்டும்.

கடைசி, நாள் 284: "ஒங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனைக்கேன். இல்லன்னா தொடாம இருக்க மாட்டிய, எனக்குத் தெரியும். பெட்டிய அணைக்கல. எந்திரிச்சீங்கன்னா தொடுங்க."

நான் எழுந்துதான் இருந்தேன் அம்மா. எல்லா நாளும் எழுந்துதான் இருந்தேன்.

நாள் 321, 11:50.

விதி முப்பத்தொன்றை நீக்கினேன். என் பெயர் திரையில் வந்தது. தொட்டேன்.

அது எண் கேட்கவில்லை. நான் யார் என்று கேட்கவில்லை. பாதையில் காற்று நிரம்பும் சத்தம் கேட்டது. இரண்டு கதவிலும் பச்சை.

நாள் 321, 17:30.

இதைக் கண்டெடுப்பவருக்கு. வீட்டுக்குப் பெட்டி வாங்கும்போது அவள் கேட்டதைக் கேளுங்கள். கெட்டுப்போனால் யாரிடம்

எண்பது மீட்டர்தான். மத்தியானத்திலிருந்து இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. நான் இன்னும் மேசையில்தான்